தோற்ற பணத்துக்கும் வரியா?

கேள்வி: ஐயா, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 29. மாதம் 60,000 ரூபாய் சம்பளம். 2024-25 நிதியாண்டில் ஒரு ஃபேன்டஸி கிரிக்கெட் ஆப்பில் என் பேங்க் கணக்கிலிருந்து 1,40,000 ரூபாய் போட்டேன். இடையிடையே 1,10,000 எடுத்தேன். 2025 மார்ச் கடைசியில் ஐபிஎல் தொடங்கியதும் இரண்டு மேட்சில் நல்ல தொகை விழுந்தது. மார்ச் 31 அன்று வாலட்டில் 1,50,000 இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் 36,000 குறைந்திருந்தது. மிச்சமிருந்த 1,14,000-ஐயும் மே மாதத்துக்குள் தோற்றுவிட்டேன். இன்னொரு ஆப்பில் அதே 2024-25-ல் 65,000 நஷ்டம். இது போக, டெலிகிராமில் ஒருவர் கொடுத்த ‘ஐடி’யை வைத்து வெளிநாட்டு பெட்டிங் சைட் ஒன்றில் அந்த வருடம் 40,000 கட்டி 1,05,000 எடுத்தேன். அந்தப் பணம் யார் யார் பெயரிலிருந்தோ வந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவர் சம்பளத்தை மட்டும் காட்டி ஐடிஆர்-1 படிவத்தில் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தார். இப்போது வருமான வரித் துறையிலிருந்து மெயில் வந்திருக்கிறது. கூட்டிக் கழித்தால் எனக்கு 30,000 நஷ்டம்தான். அப்புறம் எதற்கு வரி? பிடித்த 36,000 திரும்ப வருமா? ஃபேன்டஸி திறமை விளையாட்டு என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறதே? அந்த ‘ஐடி’ விஷயத்தையும் காட்ட வேண்டுமா? வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயர் போட வேண்டாம்.

ஆடிட்டர் பதில்:

தம்பி, கேள்விகளில் உங்கள் மனது எதில் நிற்கிறது என்று தெரிகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 36,000 திரும்ப வராது. அதற்கு மேலும் நீங்கள் கட்ட வேண்டியிருக்கிறது. எவ்வளவு, ஏன் என்பதைப் பார்ப்போம்.

மார்ச் 31 ராத்திரி உங்கள் வாலட்டில் நடந்ததிலிருந்தே தொடங்கலாம். ஆன்லைன் விளையாட்டுக்கு என்று 2023-ல் தனியாக இரண்டு பிரிவுகளைக் கொண்டுவந்தார்கள். 115பிபிஜே பிரிவு வரியின் அளவைச் சொல்கிறது: நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம். 194பிஏ பிரிவு அந்த 30 சதவீதத்தை ஆப் நடத்துபவரே பிடித்துக் கட்ட வேண்டும் என்கிறது. நிகரம் என்றால் என்ன என்பதற்கு விதி 133-ல் ஒரு கணக்கு இருக்கிறது. வருடத்தில் நீங்கள் வெளியே எடுத்ததையும் வருடக் கடைசியில் வாலட்டில் கிடப்பதையும் கூட்ட வேண்டும். அதிலிருந்து உங்கள் கைக்காசாகப் போட்டதையும் வருட ஆரம்பத்தில் வாலட்டில் இருந்ததையும் கழிக்க வேண்டும். உங்களுக்கு ஆரம்ப இருப்பு எதுவும் இல்லை. 1,10,000-உம் 1,50,000-உம் சேர்ந்து 2,60,000. அதில் போட்ட 1,40,000 போக 1,20,000. அதில் 30 சதவீதம் 36,000. ஆப்காரர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்.

வருடம் முழுக்க பணம் எடுத்தபோதெல்லாம் ஏன் பிடிக்கவில்லை என்றால், நீங்கள் எடுத்த 1,10,000 போட்ட 1,40,000-ஐத் தாண்டவே இல்லை. உங்கள் காசையே நீங்கள் திரும்ப எடுத்ததாகத்தான் கணக்கு. மார்ச் 31 வந்ததும் வாலட்டில் கிடப்பதையும் எடுத்த மாதிரியே வைத்துக் கணக்கு முடித்துவிடுவார்கள். ‘நான் எடுக்கவே இல்லையே’ என்ற வாதம் அங்கே நிற்காது. ஐபிஎல் தொடங்குவதோ சமீப வருடங்களில் மார்ச் கடைசியில். 2025-ல் 22-ஆம் தேதி. நிதியாண்டு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது தொடங்கி, அடுத்த நிதியாண்டுக்குள் போய் முடிகிற போட்டி அது. மார்ச்சில் ஜெயித்து ஏப்ரலில் தோற்றவர்கள் நிறைய பேருக்கு உங்கள் கதைதான். ஜெயித்தது ஒரு வருடத்தில் விழுந்தது, தோற்றது இன்னொரு வருடத்துக்குப் போய்விட்டது.

ஒரே ஒரு சின்ன ஆறுதல் அந்த விதியில் உண்டு. ஏப்ரல் 1 அன்று வாலட்டில் இருந்த 1,14,000 அடுத்த வருடக் கணக்கில் ஆரம்ப இருப்பாகக் கழியும். அன்று காலையிலேயே முழுவதையும் பேங்குக்கு மாற்றியிருந்தால் மறுபடி ஒரு பைசா பிடித்திருக்க மாட்டார்கள். நீங்கள் மாற்றவில்லை. சரி, போனது போகட்டும்.

உங்கள் கணக்கு ஆப்காரர் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் போனஸைப் பாருங்கள். ஆப் கொடுக்கிற போனஸ் உங்கள் கைக்காசு ஆகாது. அதை ‘நான் போட்டது’ என்று கழிக்க முடியாது. பணமாக எடுக்க முடியாத, ஆடுவதற்கு மட்டும் பயன்படுகிற போனஸ் என்றால் கணக்கிலேயே வராது. அது எடுக்கக்கூடிய பணமாக மாறுகிற அன்று உள்ளே வரும். முக்கால்வாசி பேருக்குக் கணக்கு இடிப்பது இந்த இடத்தில்தான்.

அடுத்தது நஷ்டம். இன்னொரு ஆப்பில் போன 65,000-ஐ இந்த 1,20,000-இல் கழிக்க முடியாது. ஒரே கம்பெனியில் ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்கு இருந்தால் அவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். கம்பெனி மாறினால் கதை வேறு. அடுத்த வருடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. ஏப்ரல், மே மாதங்களில் போன 1,14,000-உம் அப்படித்தான். லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், சூதாட்டம், பந்தயம் இவற்றில் வரும் பணத்துக்கு எதிராக எந்தச் செலவையும் கழிக்கக் கூடாது என்று 58(4) பிரிவு சொல்லிவிட்டது. டிப்ஸ் குரூப்புக்குக் கட்டிய சந்தா, மொபைல் டேட்டா, எதுவும் ஆகாது. விதிவிலக்கு ஒருவருக்கு மட்டும்: பந்தயக் குதிரையை வைத்துப் பராமரிக்கிற சொந்தக்காரருக்கு. குதிரை மேல் பணம் கட்டுகிறவருக்கு இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1980-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கரன்சி நோட்டு கடத்துகிறவர் ஒருவர் பாகிஸ்தான் எல்லையைத் தாண்டும்போது 65,500 ரூபாயோடு பிடிபட்டார். பணம் பறிமுதல் ஆனது. கடத்தல்தான் அவர் தொழில் என்றால், பறிமுதல் ஆன பணம் அந்தத் தொழிலின் நஷ்டம், கழித்துக்கொள்ளலாம் என்று கோர்ட் சொன்னது. கடத்தல்காரருக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கவில்லை! உங்கள் விஷயத்தில் சட்டமே வாயைத் திறந்து ‘கூடாது’ என்று எழுதிவிட்டதால் கோர்ட்டுக்குப் போயும் பயன் இல்லை. இங்கிலாந்தில் பந்தயம் கட்டி ஜெயிப்பவருக்கு வரியே கிடையாது, பந்தயக் கடை நடத்துபவர்தான் கட்டுகிறார். ஜெயித்ததற்கு வரி இல்லாததால் தோற்றதைக் கழிக்கும் பேச்சும் அங்கே இல்லை. நம் ஊரில் ஜெயிக்கும்போது மட்டும் அரசாங்கம் உங்கள் பங்காளி. நியாயமா என்று கேட்டால், எனக்கும் இதில் முழு சம்மதம் இல்லை. ஆனால் ரிட்டர்னில் என் சம்மதத்தை எழுத ஒரு கட்டம் கொடுக்கவில்லை.

‘திறமை விளையாட்டு’ வாதத்தை நிறைய பேர் கொண்டுவருகிறார்கள். இதற்கு நம் சென்னையே நல்ல உதாரணம். கிண்டி குதிரைப் பந்தயம் சூதாட்டமா என்ற வழக்கில், அது திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால் பந்தயம் நடத்த வழி கிடைத்தது. வரி? வருமான வரிச் சட்டத்தில் லாட்டரிக்கு எழுதிய அதே வாக்கியத்தில் குதிரைப் பந்தயமும் பெயர் சொல்லி உட்கார்ந்திருக்கிறது. தீர்ப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஜெயித்தவர் சிறப்பு விகிதத்தில்தான் கட்டினார். ஆன்லைன் விளையாட்டுக்கும் அதே கதை. திறமையா அதிர்ஷ்டமா என்பது ‘நடத்தலாமா கூடாதா’ என்ற கேள்விக்கு உதவும். 115பிபிஜே அந்தப் பாகுபாட்டையே பார்ப்பதில்லை.

இப்போது, நீங்கள் எதிர்பார்க்காத இடத்துக்கு வருகிறேன். உங்கள் வருடச் சம்பளம் 7,20,000. புதிய வரி முறையில் நிலைக் கழிவு 75,000 போக 6,45,000. அந்த வருட விகிதப்படி இதற்கு வரி 17,250. ஆனால் மொத்த வருமானம் 7 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ பிரிவின்படி ரிபேட் (வரித் தள்ளுபடி) கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். உங்கள் நண்பர் போட்ட ரிட்டர்னில் அப்படித்தான் ஆகியிருக்கும். இப்போது 1,20,000-ஐச் சேருங்கள். மொத்தம் 7,65,000. ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டது, ரிபேட் போய்விட்டது. சம்பளத்துக்கு 17,250, வெற்றித் தொகைக்கு 36,000, ஆக 53,250. அதன் மேல் 4 சதவீத செஸ் 2,130. மொத்தம் 55,380. பிடித்தது 36,000 போக, இன்னும் 19,380 பாக்கி. ஆப்பில் ஜெயித்ததால் சம்பளத்துக்கும் வரி வந்துவிட்டது. ‘முழு வரியும் பிடித்துவிட்டார்களே, இனி என்ன’ என்று நிம்மதியாக இருந்தவர்கள் எல்லாம் இங்கேதான் முழிக்கிறார்கள்.

இன்னொன்று: சம்பளமே இல்லாதவருக்கும் இதில் தப்பிக்க வழி இல்லை. போன வருடம் ஒரு கல்லூரிப் பையன், ‘எனக்கு வருமானமே கிடையாது அங்கிள், பிடித்த 9,000-ஐ ரீஃபண்ட் வாங்கிக் கொடுங்கள்’ என்று வந்தான். அடிப்படை விலக்கு வரம்பு இந்த வகை வருமானத்துக்குப் பொருந்தாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். டிடிஎஸ்ஸில், அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வரியில், செஸ் பிடிப்பதில்லை என்பதால் அவன்தான் இன்னும் 360 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. முகம் போன போக்கைப் பார்த்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். 80சி மாதிரியான கழிவுகளும் இந்தப் பணத்தின் மேல் செல்லாது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதைக் கேட்டுவிட்டு இதே கேள்வியோடு வருபவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்த ரிபேட் சிறப்பு விகித வருமானத்துக்குக் கிடையாது என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள்.

அடுத்தது அந்த ‘ஐடி’. சட்டவிரோதம் என்பதால் காட்ட வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வருமான வரிக்கு அந்தக் கூச்சம் கிடையாது. எந்த வழியில் வந்தாலும் வருமானம் வருமானம்தான். காட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் முகம் தெரியாத ஆட்களிடமிருந்து 1,05,000 வந்திருக்கிறது. அதிகாரி கேட்கும்போது உங்களால் விளக்க முடியாவிட்டால் அது ‘விளக்கப்படாத பணம்’ ஆகிவிடும். 2024-25-க்கு அதன் வரி 60 சதவீதம், அதன் மேல் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 78 சதவீதம். முப்பதோடு முடிக்க வேண்டியதை 78-க்குக் கொண்டுபோக வேண்டாம்.

எந்தப் பிரிவில் காட்டுவது என்பதில் இரண்டு பார்வை உண்டு. சாதாரணப் பந்தயம் என்று 115பிபி பிரிவில் வைத்தால் ஜெயித்த ஒவ்வொரு பந்தயமும் தனித்தனி, தோற்றவை கழியாது. ஆன்லைன் விளையாட்டு என்று வைத்தால் எடுத்ததில் போட்டது போக நிகரம் 65,000. ‘இணையத்தில் வழங்கப்படுகிற, கம்ப்யூட்டர் வழியாக அணுகக்கூடிய விளையாட்டு’ என்று சட்டத்தில் இருக்கும் விளக்கம் அகலமானது. நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஆனால் அதற்கு நீங்கள் கட்டிய 40,000-க்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும்: யுபிஐ பரிவர்த்தனை எண்கள், டெலிகிராம் உரையாடல், அந்த ஐடியின் கணக்குப் பக்கத்தை எடுத்த ஸ்க்ரீன்ஷாட். அந்த ஆள் சாட்டை அழித்துவிடுவதற்கு முன் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

வரியைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. அந்த ஏஜென்ட் உங்களுக்கு அனுப்பிய பணம் யாருடையது? இந்தக் கூட்டம் வாடகைக்கு எடுத்த கணக்குகளை வைத்துத்தான் பணத்தைச் சுற்றுகிறது. அதில் ஓடிபி மோசடியில் யாரோ ஒருவர் இழந்த பணமும் கலந்திருக்கும். அவர் சைபர் கிரைம் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தால், அந்தப் பணம் போன கணக்குகளில் எல்லாம் வரிசையாகத் தடை விழும். எனக்குத் தெரிந்த செல்போன் கடைக்காரர் ஒருவருக்கு இப்படி வந்தது 8,400 ரூபாய்தான். அதற்காக மொத்தக் கணக்கும் முடங்கியது. புகார் பதிவானது வேறு மாநிலத்தில். கடை வாடகைக்குக்கூட எடுக்க முடியாமல் இரண்டு மாதம் அலைந்தார். உங்கள் சம்பளமும் அதே கணக்கில்தான் விழுகிறது என்றால், முதலில் சம்பளக் கணக்கை வேறு பேங்குக்கு மாற்றுங்கள்.

‘இப்போதுதான் எல்லாவற்றையும் தடை செய்துவிட்டார்களே’ என்று யாராவது சொல்லலாம். உண்மைதான். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஃபேன்டஸி கம்பெனிகள் பணப் போட்டிகளை உடனே நிறுத்திக்கொண்டன. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே ஒரு சட்டம் இருந்தது. எதுவும் 2024-25 கணக்கைத் தொடாது. அந்த வருடத்துக்கு அன்றைய சட்டம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் உங்கள் ரிட்டர்னுக்குப் பழைய எண்கள்தான்.

சரி, என்ன செய்வது? முதலில் அந்த மெயிலை நிதானமாகப் படியுங்கள். ஏஐஎஸ்ஸில் (உங்கள் வரவுகளைப் பற்றித் துறையிடம் இருக்கும் பட்டியல்) இருப்பதும் ரிட்டர்னில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை, சரிபாருங்கள் என்று மட்டும் சொல்கிறதா, அல்லது 142, 148 என்று பிரிவு எண் போட்ட நோட்டீஸா? நோட்டீஸ் என்றால் தாமதிக்காமல் ஓர் ஆடிட்டரை நேரில் பாருங்கள், அதற்குப் பதில் சொல்லும் பாதை வேறு. வெறும் மெயில் என்றால் இன்னும் உங்கள் கையில் வாய்ப்பு இருக்கிறது. அதே ஐடிஆர்-1-ஐ வைத்துத் திருத்த முடியாது. வெற்றித் தொகை இருந்தால் ஐடிஆர்-2. கூடுதல் வரி இல்லாமல் திருத்திய ரிட்டர்ன் போட 2025 டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. அதைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இனி அப்டேட்டட் ரிட்டர்ன், அதாவது ஐடிஆர்-யு. 2027 மார்ச் 31-க்குள் போட்டால் பாக்கி வரி, வட்டி இரண்டையும் கூட்டி அதன் மேல் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதற்கு அடுத்த வருடம் என்றால் 50.

உங்களுக்கு எவ்வளவு ஆகும்? ‘ஐடி’யின் 65,000-ஐயும் சேர்த்தால் வரி 72,750, செஸ்ஸோடு 75,660. பிடித்த 36,000 போக 39,660. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீதம் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. கூடுதல் 25 சதவீதம் பதினோராயிரம் ரூபாய் வாக்கில் வரும். ஐம்பத்தைந்தாயிரம் போலத் தயார் செய்துகொள்ளுங்கள். கசக்கும்தான். ஆனால் துறையே கண்டுபிடித்தால் குறைத்துக் காட்டியதற்கு வரியில் 50 சதவீதம், வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் 200 சதவீதம் அபராதம்.

படிவத்தில் ‘இதர வருமானம்’ அட்டவணையில் 115பிபிஜே-க்கு என்று தனி வரிசை இருக்கிறது, அங்கே காட்டுங்கள். சாதாரண ‘மற்றவை’யில் போட்டால் ஸ்லாப் விகிதத்தில் போய் மறுபடி மெயில் வரும். எந்தக் காலாண்டில் வந்தது என்றும் அதே அட்டவணையில் கீழே கேட்பார்கள். ஆப்பில் உங்களுக்கு மார்ச் 31-ல் வந்தது கடைசிக் கட்டத்தில் விழ வேண்டும். டிடிஎஸ் 36,000-ஐ 26ஏஎஸ்ஸில் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) இருக்கிற அதே டான் எண்ணோடு, அதாவது வரி பிடித்தவரின் எண்ணோடு, எடுத்துக்கொள்ளுங்கள். ஐடிஆர்-யு-வைப் போடும் முன்பே சலான் கட்டியிருக்க வேண்டும், பிறகு கட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காது.

பணப் போட்டிகளை நிறுத்திய ஆப் எவ்வளவு நாளைக்குப் பழைய கணக்கைக் காட்டும் என்று சொல்ல முடியாது. இரண்டு ஆப்பிலும் உள்ளே போய் 2024-25, 2025-26 இரண்டு வருட ஸ்டேட்மென்ட்டையும் பதிவிறக்கம் செய்து, அந்த டெலிகிராம் ஸ்க்ரீன்ஷாட்களோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். வீட்டில் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். நோட்டீஸ் தபாலில் வந்தால் அதை வாங்கிப் பிரிக்கப் போவது வீட்டில் இருப்பவர்கள்தான். அதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.